அவசரக் கடனுக்கு மாணவர்கள் முதலில் எங்கே போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிடிபிடிஎன் எனும் அரசு உயர்கல்விக் கடன் பருவத்துக்கு ஒருமுறைதான் கணக்கில் விழும். இடையில் மடிக்கணினி பழுதானாலோ அறை வாடகை முட்டினாலோ பலர் நாடுவது டெலிகிராமில் வரும் கடன் விளம்பரத்தை. முதலில் தட்ட வேண்டியது மாணவர் விவகாரப் பிரிவின் கதவு.

பல பல்கலைக்கழகங்களில் அங்கே நலநிதியோ வட்டியில்லாக் குறுகியகாலக் கடனோ உண்டு. (இதைச் சேர்க்கை நாளன்றே பெற்றோரிடம் தமிழிலும் சொன்னால் என்ன?) மாணவர் அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், செலவுக்கான ரசீது ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும். 'பணக் கஷ்டம்' என்று மட்டும் எழுதினால் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கும். தொகை, காரணம், திருப்பிக் கட்டும் மாதம் மூன்றையும் எழுதுங்கள். 'பிடிபிடிஎன் வந்ததும் கட்டுகிறேன்' என்பவர்கள் தங்கள் தேர்வுப் புள்ளிச் சராசரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 2.00-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பணம் நிறுத்தப்படலாம். கட்ட வேண்டிய கடன் மட்டும் மிஞ்சும்.

வெளியே வாங்கியே தீரவேண்டும் என்றால், கடன் கொடுக்க உரிமம் பெற்றவர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மூன்று மாத வட்டி அதிகபட்சம் 45 வெள்ளி. கடன் தருமுன்பே 'கட்டணம்' கேட்பவரும், ஏடிஎம் அட்டையைப் பிடித்து வைப்பவரும் வட்டி முதலைகளே. உரிமம் உண்மையா என்பதை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

மாணவர் நலப் பணியாளர்கள்,
கோலாலம்பூர்