ஈரம் காயும் மாதங்களையும் கணக்கில் எழுதுங்கள்

பழுதடைந்த வீடுகளை வாங்கிச் சீர்செய்து, விற்கவோ வாடகைக்கு விடவோ செய்யும் முதலீட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்த வீடு, வாரிசுகள் பூட்டிப்போட்டுப் போன வீடு, பாதியில் நின்ற வீடு. இவற்றை மறுபடி மனிதர் வாழும் இடமாக்குவது நல்ல தொழில். அதை மனதார மதிக்கிறோம். அதே வீடுகளைத் தட்டிப் பார்த்து, கொத்திப் பூசி, குழாய் மாற்றித் தருகிற பக்கத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். உங்கள் வேலை அட்டவணையில் ஈரம் காய்வதற்கான காலத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பளபளவென்று ஒப்படைத்த வீடு அடுத்த மழைக்குப் பல்லிளிக்கிறது.

சீர்செய்தபின் வீடு என்ன விலை போகுமோ அதில் 70 சதவீதத்தை எடுத்து, பழுதுச் செலவைக் கழித்து, மீதிக்கு மேல் கொடுத்து வாங்கக்கூடாது என்பது உங்களில் பலர் பின்பற்றும் கணக்கு. கணக்கு சரிதான். பழுதுச் செலவு என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கோளாறு. தரை, பெயிண்ட், சமையலறை என்று கண்ணில் படுவதற்கு விலை போட்டு, எதிர்பாராததற்கு 10 சதவீதம் சேர்த்துவிடுகிறார்கள். மேல்பூச்சு மட்டும் போன வீட்டுக்கு அது போதும். தண்ணீர் புகுந்த வீட்டுக்கு 20 முதல் 25 சதவீதம் வையுங்கள். கூடவே, சுவர் காயும் மாதங்களுக்கான வட்டியையும் வரியையும் வாங்கும் விலையிலேயே கழித்துவிடுங்கள். விலை பேசும்போது கழிக்காதவர், பின்னால் வட்டி ஏற ஏற, ஈரச் சுவர்மேல் பட்டி பார்க்கச் சொல்லி ஆட்களை விரட்டுவார்.

முதலில் சுவர். அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, நகத்தால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிர்கிறதா, தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் நெளிநெளியாக ஒரு கறைக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பெரும்பாலும் நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம், அதாவது ஓதம்தான். நம்பிக்கையில்லை என்றால் அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் நின்றால் அறைக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்து படிகிறது, அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. ஈரமானியின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சுவரில் தேங்கிய உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால், காய்ந்த சுவரையும் அது ஈரம் என்று காட்டும்.

ஓதம் என்று தெரிந்ததும் ரசாயனத்துக்கு ஓடவேண்டாம். வீட்டைச் சுற்றி வெளித்தரையை மேலே மேலே உயர்த்திப் போட்டு, நிலத்து ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் போடும் ஓதத் தடுப்பு அடுக்கையே மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்களா என்று தோண்டிப் பாருங்கள். அந்த அடுக்குக்குக் கீழே 150 மி.மீ. இருக்கும்படி வெளித்தரையை இறக்கினாலே பல வீடுகளில் பாதி வேலை முடிந்துவிடும். தடுப்பு அடுக்கே இல்லையென்றால், செங்கல் வரிசைகளுக்கு இடையே உள்ள காரையில் 120 மி.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் போட்டு, ஈரத்தை ஏறவிடாத ரசாயனமான சிலேன் கிரீமை நிரப்பலாம். செங்கல்லில் துளை போட்டால் பலனில்லை. ஈரம் தொடர்ந்து ஏறும் வழி காரைதான்.

அடுத்து, உப்பேறிய பூச்சைக் கறைக்கோட்டுக்கு மேல் 300 மி.மீ. வரை கொத்தி எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு, 225 மி.மீ. செங்கல் சுவருக்கு 9 மாதம். இங்கேதான் பொறுமை போய், கெட்டியான சிமென்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் எண்ணெய்ப் பெயிண்ட் என்று வெளியேறும் வழியெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். ஈரம் போக இடமில்லாமல் இன்னும் உயரமாக ஏறுகிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடுகிறது. அந்த 9 மாதமும் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. சுண்ணாம்புக் காரையால் பூசி, சுண்ணாம்பு வெள்ளையோ சிலிக்கேட் பெயிண்டோ அடித்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும், ஆள் குடியிருக்கலாம். சுவர் இன்னும் காய்கிறது, அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டாம் என்று குடிவருபவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

கூரைத் தளம் இன்னும் கவலைக்குரியது. அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், கம்பி அங்கே மட்டும்தான் துருப்பிடித்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். புதுக் கான்கிரீட்டின் பி.எச். அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தன்மைதான் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே நுழைய நுழைய அது 9க்குக் கீழே இறங்குகிறது, ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. உடைத்த இடத்தில் உடனே பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் வந்தால் அங்கே காரம் மிச்சமிருக்கிறது; நிறமே வரவில்லையென்றால் பாதுகாப்பு போய்விட்டது. பிறகு சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டி, பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். விலை பேசும் முன் அந்த வட்டங்களின் மொத்தப் பரப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தொங்கும் காரையைத் தட்டிவிட்டு, சிமென்ட் பால் பூசி மூடுவது பழுதுபார்ப்பு ஆகாது. கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. ஆழத்துக்கு, விரல் நுழையும்படி கொத்தவேண்டும். நல்ல கம்பி தென்படும் வரை நீளவாக்கில் தொடரவேண்டும். கம்பியை உலோகப் பளபளப்பு வரும்வரை தேய்க்கவேண்டும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் கால்பங்கு கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்காமல் மூடாதீர்கள். அந்த முடிவைக் கட்டமைப்புப் பொறியாளர் எடுக்கட்டும். துரு தடுக்கும் பூச்சு, பாலிமர் கலந்த காரை, அது இறுகும்வரை தண்ணீர் விடும் நீராற்றல் எல்லாம் அதற்குப் பிறகு. இவ்வளவு செய்தும் ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில் ஓரிரு ஆண்டில் புதுத் துரு கிளம்பினால் ஆச்சரியப்படவேண்டாம். ஒட்டுக்குள் இருக்கும் கம்பி காப்பாற்றப்பட்டதும், பக்கத்துப் பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி பலியாகிறது. ஒட்டுகள் தளத்தின் பெரும்பகுதியை நிரப்பும் நிலை என்றால் தளத்தை மாற்றுவதுதான் சிக்கனம்.

மாடியில் தண்ணீர் வடிகால் வாயை நோக்கி 100க்கு 1 வாட்டத்திலாவது ஓடவேண்டும். நீர்க்காப்பு அடுக்கைக் கைப்பிடிச் சுவரில் 150 மி.மீ. ஏற்றி முடியுங்கள், ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையிலும் வடிகால் வாயைச் சுற்றியும்தான் தொடங்குகிறது. முடிந்ததும் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் பாருங்கள். ஆனால் 50 மி.மீ. தண்ணீர் என்பது சதுர மீட்டருக்கு 50 கிலோ. கம்பி கரைந்த தளத்தில், பழுதுபார்க்கும் முன் அந்தச் சோதனையைச் செய்வது உயிருக்கு ஆபத்து. குளியலறைக்கும் இதே முறைதான், 24 மணி நேரம் போதும். ஓடு பதித்தபின் சோதித்துப் பயனில்லை. நீர்க்காப்பு போட்டவுடன், ஓட்டுக்கு முன் தேக்குங்கள்.

வயரிங் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பழைய ரப்பர் உறை வயர் கையில் பொடிந்தால் முழுவதையும் மாற்றுங்கள். வயரின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் சுற்றுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இல்லாத வீட்டை யாருக்கும் ஒப்படைக்காதீர்கள்.

பழைய பெயிண்ட் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறோம். பல அடுக்கு பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் தூசி வீடெல்லாம் படியும், தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. முன்கூட்டிப் பரிசோதியுங்கள், ஈயம் இருந்தால் நனைத்துச் சுரண்டுங்கள், தேய்ப்பவருக்குத் துணி முகமூடி போதாது, நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் கொடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்து இறக்காமல் நனைத்து முழுசாகக் கழற்றுங்கள்.

குடிவைத்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை. நனைந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கும். கசிவு என்று தகவல் வந்தால் அன்றே ஆள் போகவேண்டும். சொன்னவர்மேல் பழிபோட்டு அனுப்பினால் அடுத்தமுறை அவர் சொல்லமாட்டார், சுவர் ஊறிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன் வடிகால் வாய், கைப்பிடிச் சுவர் மூலை, குளியலறைக்குக் கீழுள்ள கூரை மூன்றையும் ஆண்டுதோறும் பாருங்கள். எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள்; முள் நகர்ந்தால் எங்கோ உள்ளே கசிகிறது.

சுவரை மூடும் முன் குழாயும் வயரும் போகும் பாதையை, அளவு நாடாவைப் பக்கத்தில் நீட்டிவைத்துப் படமெடுங்கள். எந்தச் சுவர் எந்த மாதம் கொத்தப்பட்டது, எந்தத் தளத்தில் எங்கே ஒட்டு, எத்தனை மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தீர்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதி, வீட்டை விற்கும்போது சாவியோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பரிசோதனை, பழுதுபார்ப்புப் பணியில் இருப்போர்