கோயில் மலரும் டெல்லிக் குளிரும்

கரோல் பாக்,
புது டெல்லி.
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மா, அம்மம்மா, அண்ணா, நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்க எங்கட பிள்ளையாரை வேண்டுறன். உங்கட கடிதமும் அதுக்குள்ள வைச்ச, எங்கட அச்சகத்தில அடிச்ச பழைய கோயில் மலர்ப் புத்தகத்தின்ர தாள்களும் கிடைச்சது. புது மலர் அடிக்க முதல் இதில என்ன பிழை எண்டு கேட்டிருந்தீங்கள். கனகாலம் கடிதம் போடேல்லை எண்டு அம்மா கோவம் எண்டு எழுதியிருந்தீங்கள். போனில அம்மா சாப்பாட்டைக் கேட்டு முடிக்கவே டேட்டா முடிஞ்சிடுது, அச்சு மிசின் கதை ஒரு நாளும் வாறேல்லை. அதுதான் ஆறுதலாய் இருந்து எழுதுறன்.

குளிர் சரியான குளிர். விடியப்புறம் அஞ்சு பாகைக்கு இறங்கும். அறை மொட்டைமாடியில எண்டபடியால் வெயில் வந்தால் முதல் எனக்குத்தான். மிசினுக்கும் குளிரும் அப்பா. நாராயணா பக்கத்து அச்சகங்களில விடிய மை இறுகிப்போய் நிக்கும். அப்பிடியே ஓட்டினால் கடதாசியின்ர மேற்தோலைப் பிடுங்கி எடுத்து, ஒரே சீராய் மை நிரப்பின கறுப்பு நிரவலில வெள்ளைப் புள்ளி புள்ளியாய் விழும். தகரத்தில கத்தியால நல்லாய்ப் பிசைஞ்சு, தாள் விடாமல் றோலரைக் கொஞ்ச நேரம் சுத்தவிட்டுத்தான் தொடங்குவினம். காத்து காய்ஞ்சிருக்கிறதால தாளுக்குத் தாள் மின்னேறி ஒட்டி, ரெண்டு ரெண்டாய் இழுபடும். எங்கட ஊரில மாரியில தாளின்ர ஓரம் அலையடிக்கிறதுக்கு இது நேரெதிர்.

கீழ்வீட்டில கும்பகோணத்துத் தாத்தா ஒருத்தர். மிண்டோ ரோட் அரசாங்க அச்சகத்தில புரூப்பில பிழை பார்த்து ஓய்வெடுத்தவர். கையில எப்பவும் சிவப்புப் பென்சில். மருந்துப் பெட்டி, கலியாணக் கார்ட், பால் பைக்கற் எண்டு ஒண்டும் தப்பாது. எங்கட மலர்த்தாளைக் காட்டினன், சுத்திச் சுத்தி வட்டம் போட்டுத் தந்திருக்கிறார், இதோட இருக்கு. புது மலரின்ர புரூப்பை எனக்கு அனுப்பினால் அவர் சும்மா பார்த்துத் தருவார். எங்கட யாழ்ப்பாணத்துச் சொல்லில கைவைச்சால் மட்டும் விட்டிடுங்கோ.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ. ரொட்டியும் ராஜ்மாவும் பழகிப்போச்சு, கடுகெண்ணெய் மணம்தான் இன்னும் ஒத்துவரேல்லை. ஞாயிறுகளில பங்களா சாகிப் குருத்துவாரா எண்ட சீக்கியக் கோயிலில சாப்பிடுறன், பருப்பு அப்பிடி ஒரு ருசி. மெத்ரோவில போகாமல் நடந்து போறது உடம்புக்கும் நல்லது. காசு அனுப்ப வேண்டாம், காணும்.

இனி மலர் விஷயம். பழைய தாளை லென்ஸ் வைச்சுப் பார்த்தன். அண்ணா நினைக்கிற மாதிரி மிசின் பிழை இல்லை, பாதிக்கு மேல கொம்பியூட்டரிலேயே நடந்த பிழை. இரவுத் திருவிழாப் படத்தைப் பாருங்கோ. வானமும் ஆக்களின்ர உடம்பும் ஒரே கறுப்பாய் அடைஞ்சிட்டுது, வேட்டி ஒரு விவரமும் இல்லாமல் வெறும் வெள்ளை. படம் சின்னச் சின்ன மைப்புள்ளியாய்த்தானே அச்சில விழும், பூச்சில்லாத கடதாசியில அந்தப் புள்ளி ஊறிப் பருக்கும். பைலில ஐம்பது வீதமாய் இருக்கிற சாம்பல், தாளில எழுபதைத் தாண்டித் தெரியும். அதைக் கணக்கில எடுத்து நடுச் சாம்பலை முதலே வெளிறப்பண்ண வேணும். ஆகக் கறுத்த இடம் தொண்ணூறு வீதத்தைத் தாண்டப்படாது. வேட்டி மடிப்பில மூண்டு நாலு வீதம் எண்டாலும் புள்ளி இருக்க வேணும், இல்லாட்டி வெறும் கடதாசிதான் தெரியும். புள்ளிக் கண்ணி, அதாவது புள்ளி வரிசையின்ர நெருக்கம், அங்குலத்துக்கு 133 கோடு காணும். 175 கேட்டால் இந்தக் கடதாசியில இன்னும் அடையும்.

அட்டை உள்பக்கத்து எழுத்தைச் சுத்தி நீலமும் சிவப்புமாய் நிழல் விழுந்திருக்கு. எழுத்தை நாலு கலரிலயும் கலந்த கறுப்பாய் விட்டிருக்கினம். ஒரு கலரின்ர பிளேற் மயிரளவு விலகினாலே அப்பிடித்தான் தெரியும். எழுத்து எப்பவும் கறுப்பு மட்டும் நூறு வீதம், அதுவும் கீழ இருக்கிற கலருக்கு மேலாலேயே அடிக்க வேணும். அட்டையில பெரிய கறுப்பு நிரவல் வேணுமெண்டால் மட்டும் சியான் நீலம் 60 வீதம், மஜெந்தாச் சிவப்பு 40, மஞ்சள் 40, கறுப்பு 100. மொத்தம் 240. பூச்சுள்ள ஆர்ட் கடதாசியில நாலு கலரும் சேர்ந்து முந்நூறைத் தாண்டவிடாதேங்கோ. தாண்டினால் காயாமல் அடுத்த தாளின்ர முதுகில ஒட்டும்.

முதுகில ஒட்டினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. றோலரில மை ஏறாமல் வழுக்குது எண்டு எழுதியிருந்தீங்கள்தானே, ரெண்டும் மிசினுக்கு விடுற தண்ணியாலதான். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல்லு, கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. அது றோலர் றப்பரில மெல்லிசாய்ப் படிஞ்சால் றப்பர் மையை விட்டிட்டுத் தண்ணியைப் பிடிக்கும். மை கொண்டுவர மிசின் அண்ணை தண்ணியில கலக்கிற அமிலக் கரைசலைக் கூட விடுவார், அமிலம் ஏறும், பிறகு மை காயாது. கிழமைக்கு ஒருக்கால் வினாகிரியில நனைச்ச துணியால றோலரைத் துடைச்சு, தண்ணியால கழுவி, பிறகு வழமையான கழுவல். மிசின் தண்ணித் தொட்டிக்கு மழைத்தண்ணி, இல்லாட்டி வடிகட்டின தண்ணி. அமிலம் அளக்கிற பிஎச் தாள் வாங்கி வையுங்கோ, அஞ்சுக்குக் கிட்ட நிக்க வேணும், நாலரைக்குக் கீழ போகப்படாது. அடிச்ச தாளை இடுப்பளவுக்கு அடுக்காமல் சின்னச் சின்ன அடுக்காய் வைச்சு, மற்றப் பக்கத்தை அடுத்த நாள் அடியுங்கோ.

கடதாசிக் கணக்கு: 96 பக்கம், ஏ4, 1000 புத்தகம். 25×36 அங்குல முழுத்தாள் ஒண்டில ரெண்டு பக்கமுமாய் 16 பக்கம் வரும். ஒரு புத்தகத்துக்கு 6 தாள், மொத்தம் 6000, கழிவுக்கு நூற்றுக்கு அஞ்சு சேர்த்து 6300. சதுர மீற்றருக்கு 90 கிராம் தாள் எண்டால் ஏறக்குறைய 329 கிலோ. நாலாய் வெட்டினால் 12.5×18, எங்கட ஜிடிஓ மிசினில வடிவாய் ஏறும். ஓடர் குடுக்கேக்க கடதாசியின்ர இழை 25 அங்குலப் பக்கமாய் ஓடுற தாள் எண்டு கேளுங்கோ. கேட்காட்டில் அனேகமாய் 36 பக்கமாய் ஓடுறதைத்தான் தருவினம். அது புத்தக முதுகுக்குக் குறுக்க வரும், புத்தகம் விறைச்சு நிக்கும், விரிச்சால் தானாய் மூடும். 25 பக்கமாய் ஓடுற இழை மிசின் உருளையின்ர நீளப்பாட்டுக்குக் குறுக்க வரும், கலர் வேலையில கலருக்குக் கலர் பொருத்தம் விலகலாம், உள்பக்கம் ஒரு கலர்தானே, பயமில்லை.

பைண்டிங் அக்காவுக்கு நாலு மடிப்பை ஒண்டுக்குள்ள ஒண்டாய் வைச்சு 16 பக்கக் கட்டாய் நூல் போடச் சொல்லுங்கோ, ஆறு கட்டு. பக்கம் சோடி சேர்க்கேக்க முதல் கட்டில ரெண்டு பக்க எண்ணையும் கூட்டினால் 17 வர வேணும் (1உம் 16உம், 2உம் 15உம்), ரெண்டாம் கட்டில 49. கலர்ப் படங்கள் எல்லாத்தையும் இதுக்குப் புறம்பாய் ஒரே கட்டில சேர்த்து, அதை மட்டும் ஆர்ட் கடதாசியில வெளி அச்சகத்தில அடிப்பியுங்கோ.

கட்டுரை எழுதினவை பாமினி எண்ட பழைய எழுத்துருவிலதான் தருவினம். யூனிகோட்டுக்கு மாத்தி, பிறகு ஒருக்கால் வாசிக்க வேணும், ஸ்ரீயும் எண்களும் அனேகமாய்க் குழம்பும். பக்கம் போடுற இன்டிசைன் மென்பொருளில வேர்ல்ட் ரெடி கொம்போசர் எண்ட அமைப்பைப் போடாட்டில் கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கும். எழுத்து ஒன்பது பொயின்றுக்குக் குறையப்படாது, ஞ, ணை மாதிரிச் சுழி எழுத்து மையில மூடிப்போகும். படத்தை வட்ஸ்அப்பில படமாய் வாங்காதேங்கோ, டொக்கியுமென்றாய் அனுப்பச் சொல்லுங்கோ. பத்துச் சென்ரிமீற்றர் அகலத்துக்கு 1200 பிக்சல் வேணும். பக்க ஓரம் வரைக்கும் போற படத்துக்கு வெளியில மூண்டு மில்லிமீற்றர் கூட விட வேணும்.

இஞ்ச வந்த புதுசில வகுப்பில எல்லாரும் திரையைத் திறந்துபோட்டுக் கலர் தேடுவினம். இப்ப முதல் கேள்வி கடதாசி என்ன, எந்த மிசின், எப்பிடிக் கட்டுறது. சாவ்ரி பஜார் கடதாசிக் கடையில தாளை மடிச்சுப் பார்த்து இழை சொல்ல எனக்கும் வருது அப்பா, அம்மம்மா முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து முத்தலோ எண்டு சொல்லுற மாதிரி. மானிப்பாயில 1841இலேயே உதயதாரகைப் பத்திரிகை அச்சிட்டது எண்டு சொன்னன், ஒருத்தருக்கும் தெரியாது. மிசின் கழுவேக்க மண்ணெண்ணெயும் மையும் சேர்ந்து ஒரு மணம் வரும்தானே. அது வந்தால் நான் கொஞ்ச நேரம் வெளியில போய் நிண்டிட்டுத்தான் வாறனான். பொங்கலுக்கு முற்றத்தில பானை வைச்சிருப்பீங்கள். இஞ்ச தாத்தா வீட்டில குக்கர் பொங்கல், தேங்காய்ப்பூ இல்லை.

பின் கொட்டிலில நிக்கிற விண்ட்மில் எண்ட பழைய அச்சு மிசினைப் பழைய இரும்புக்குக் குடுக்கப்போறதாய் அண்ணா சொன்னவர். வேண்டாம். அது 13×18 அங்குலத் தாள் எடுக்கும், விரிச்ச அட்டை அப்பிடியே போகும். 250 கிராம் அட்டையை மடிப்புக் கோடு அழுத்தாமல் மடிச்சால் முதுகில மை வெடிச்சு வெள்ளை தெரியும். ரெண்டு பொயின்ற் தடிப்புத் தகடு போட்டு, அட்டைத் தடிப்பின்ர இரண்டு மடங்கோட தகட்டுத் தடிப்பைக் கூட்டின அளவுக்கு, ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர், பள்ளம் வைச்சால் வடிவாய் மடியும். கலியாணக் கார்ட்டுக்கும் அதுதான் வேணும்.

நாலு கலர்ப் பழைய மிசினுக்குச் சின்ன மாமா முற்பணம் குடுக்க முதல் அண்ணா நேர போய்ப் பார்க்க வேணும். முழுத்தாளில ஐம்பது வீத நிரவலை ஒவ்வொரு கலரிலயும் அடிப்பிச்சுப் பார்க்கட்டும். குறுக்கால வரி வரியாய் விழுந்தால் பல்லுச்சில்லு தேய்ஞ்சது, அந்த விலைக்கு எடுக்கப்படாது. ஒரே தாளை ரெண்டு தரம் விட்டுக் கோட்டுக்கு மேல கோடு விழுதோ எண்டும் பார்க்க வேணும், விழாட்டில் தாளைப் பிடிக்கிற விரல்கள் தளர்ந்திட்டுது. என்னைக் கேட்டால் மலர் முடிஞ்சு காசு கையில வந்த பிறகு யோசிக்கலாம். வீட்டு உறுதியை வங்கியில வைக்கிற கதையே வேண்டாம், எங்கட அக்காவின்ர கலியாண அலுவல் முன்னுக்கு நிக்குது. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னவை எண்டு ஒருத்தரும் எனக்கு எழுதேல்லை. அம்மாவின்ர முழங்காலுக்கு ஊசி போட்டதோ? இதுக்கெல்லாம் பதில் எழுதுங்கோ, அதோட ஐயர் தந்த கட்டுரைப் பைலையும் அனுப்பிவிடுங்கோ, மாசி பிறக்க முதல் பக்கம் போட்டுத் தாறன்.

இப்படிக்கு,
உங்கட சின்ன மகள்