பைபாஸ் சாவியை யாரிடமும் கொடுக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ கேட்டதைப் போனில் பேசி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

"மாசக் கடைசி, டிஸ்பேட்ச் இடிக்குது. பிரஸ் சென்சார் அடிக்கடி கட் ஆகுது, ஒரு வாரத்துக்கு மட்டும் பைபாஸ்ல போட்டுக்கலாமான்னு கேக்கறாங்கப்பா" என்றாய். வேண்டாம். யார் கேட்டாலும் வேண்டாம். கை உள்ளே போனால் பிரஸ்ஸை, அதாவது தகட்டை அடித்து வடிவமாக்கும் மெஷினை, நிறுத்துவதுதான் சென்சாரின் வேலை. சாவியைத் திருப்பி பைபாஸில் போட்டால் அந்தக் காவலே போய்விடும். ஷிப்ட் இன்சார்ஜ் என்று அந்தச் சாவியை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அது உன்னிடமே இருக்கட்டும்.

நான் கோவை கணபதியில் டை செட்டராக (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையைப் பிரஸ்ஸில் மாட்டுகிறவனாக) இருந்தபோது அங்கே ஓடியதெல்லாம் பின் கிளட்ச் பிரஸ். பெடலை ஒருதரம் மிதித்தால் ராம், அதாவது மேலிருந்து அடிக்கும் பாகம், கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறிய பிறகுதான் நிற்கும். நடுவில் யாராலும் நிறுத்த முடியாது. கிளட்ச் பின்னோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால், ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. எண்ணெய் பூசிய தகடு டையில் ஒட்டிக்கொண்டது. ராம் மேலே போய்விட்டது என்று இடது கையை உள்ளே விட்டு எடுக்கப் போனார். பெடலில் கால்கூட இல்லை. ராம் இரண்டாவது தரம் இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன.

அந்தப் பிரஸ் டபுள் ஸ்ட்ரோக் அடிக்கிறது என்று அவரே அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த ஆர்டர் முடியட்டும், பிரிச்சுப் பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். விபத்துக்குப் பிறகு பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் எழுதியது ஒரே வார்த்தை: கவனக்குறைவு.

இழப்பீட்டுக்குச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு, நீயும் பார்த்திருப்பாய். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. அண்ணனுக்கு அந்த 20தான். சட்டை பட்டன் போட அவர் வீட்டு அக்கா வேண்டும், வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பிடி நிற்காது. கல்யாண வீடுகளில் இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்காருவார். அட்டவணையில் இதற்கெல்லாம் கணக்கு கிடையாது. தொழில் தெரிந்த மனுசனை கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள்.

அதனால் உன்னிடம் முதலில் கேட்பது இதுதான். உன் லைனில் என்ன நடந்தாலும் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதே. எட்டு மணி நேரம் ஒரே தகடு, ஒரே அசைவு. எந்த மனுசனுக்கும் நடுவில் மனசு எங்கேயாவது போகும், பிள்ளையின் ஃபீஸ் கட்டணும் என்று நினைப்பு ஓடும். அந்த ஒரு நொடிக்கு விரலை விலையாகக் கேட்காத மாதிரி மெஷினை வைப்பதுதான் நம் வேலை. "பாத்து வேலை செய்யுங்க" என்று சொல்வது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

இனி உன் சென்சார் விஷயம். அது அடிக்கடி கட் ஆகிறது என்றால் பெரும்பாலும் கை அடிக்கடி உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏன் போகிறது என்று பிரஸ் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று பார். பாகம் டையில் ஒட்டுகிறதா? பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? அதைக் காற்றால் ஊதித் தள்ளும் ஏர் ஜெட் பிரஷர் குறைவா? ஸ்கிராப் தேங்குகிறதா? அதைச் சரிசெய்தால் கை உள்ளே போகாது, சென்சாரும் கட் ஆகாது, உற்பத்தியும் தானாக ஏறும். கையே உள்ளே போகாதபடி டையையும் ஃபீடிங்கையும் அமைக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அதிர்வில் சென்சாரே நகர்ந்திருந்தால் மெயின்டனன்ஸைக் கூப்பிட்டு அலைன் பண்ணச் சொல். ஒன்றிரண்டு மணி நேர வேலை.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. கை வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்து, டையிலிருந்து சென்சார் இருக்க வேண்டிய தூரத்தைக் கணக்குப் போடுவது உண்டு. பிரஸ் நிற்க 0.2 வினாடி ஆனால் அதற்குள் கை 32 சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். பிரேக் லைனிங் தேய்ந்து அதே பிரஸ் 0.3 வினாடி எடுத்தால் 48 சென்டிமீட்டர். சென்சார் பழைய இடத்திலேயே இருக்கும், பச்சை விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கை முந்திவிடும். ஆகவே நிற்கும் நேரத்தை அளந்து பதிவு செய்கிறார்களா, கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேள். உங்கள் ஷாப்பில் எங்காவது பின் கிளட்ச் பிரஸ் ஒன்று ஒதுங்கிக் கிடந்தால், அதில் சென்சார் மாட்டிப் பிரயோசனமில்லை. நடுவில் நிற்க முடியாத மெஷினுக்குக் கை புக முடியாத கூண்டுத் தடுப்பு, அதாவது கார்டுதான் வேண்டும்.

இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் அடிக்கும்படி வைத்திருக்கும் இரண்டு பட்டனையும் போய்ப் பார். ஒன்றைக் கம்பியால் கட்டியோ ஆப்பு வைத்தோ அமுக்கிவிட்டு ஒற்றைக் கையில் ஓட்டுவார்கள். பார்த்தால் ஓட்டுகிறவரைத் திட்டாதே. பீஸ் கணக்கில் அவர் கழுத்தை நெரிப்பது யார் என்று பார். டார்கெட்டை எழுதுகிற பேனா இப்போது உன்னிடமும் இருக்கிறது.

ஒப்பந்த வேலைக்கு வரும் பையன்கள் விஷயத்தில் ரொம்பக் கண்ணாக இரு. பீகார், ஒடிசாவிலிருந்து வருகிறவனுக்குச் சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பது எதற்கு ஆகும்? காலையில் ஹெல்பராகத் தகடு தூக்கியவனை, ஆள் வரவில்லை என்று மதியம் பிரஸ்ஸில் நிறுத்துவது இன்னும் நடக்கிறது. அவன் மொழியில், மெஷின் முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்து, அவனே செய்து காட்டிய பிறகுதான் பெடலைத் தொட விடு. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தவனை மூன்றாவதுக்கு நிறுத்தாதே. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் கிடைக்கிறதே என்று அவனே கெஞ்சுவான், அப்போதும் நிறுத்தாதே.

டை மாற்றும்போது ராமுக்கு அடியில், அது இறங்காமல் முட்டுக்கொடுக்கும் சேஃப்டி பிளாக் வைக்காமல் யார் கையும் உள்ளே போகக் கூடாது. மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. வேலை செய்கிறவர் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. டை செட்டராக இருந்தவன் சொல்கிறேன், இதில் தாட்சண்யமே காட்டாதே.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால்: காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்கச் சொல். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வை. விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும், ஒட்டவைக்க முடியாமல் போகும். எந்த மருத்துவமனையில் விரல் ஒட்டவைக்கும் சர்ஜன் இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து ஷாப் போர்டில் எழுதி வை. முதலுதவிப் பெட்டி பூட்டிக் கிடந்து, சாவி ஹெச்.ஆர். வீட்டில் இருந்த கதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

மேலே இருப்பவர்கள் வற்புறுத்தினால் சண்டை போட வேண்டாம். "சார், பைபாஸ் பண்ணச் சொல்லி மெயில் போட்டுடுங்க" என்று மட்டும் சொல். அநேகமாக யாரும் போட மாட்டார்கள். மெஷின் ஓடும்போது அதன் கார்டு இடத்தில் இருந்தாக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அந்தக் கடமை போகவில்லை. அவர்களுக்கும் அது தெரியும். கூடவே, பாகம் ஏன் ஒட்டுகிறது என்று நீ கண்டுபிடித்ததையும் ஒரு தாளில் எழுதிக் கொடு. சரிசெய்யும் வழியையும் சேர்த்துச் சொல்கிறவளை யாரும் லேசில் தட்டிக்கழிக்க முடியாது.

உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறாள். எனக்கு அந்தப் பயமில்லை. வேலை இன்னொன்று கிடைக்கும், படித்திருக்கிறாய்.

ஏர் ஜெட் நாசில் எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறார்கள் என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. டை டிராயிங் கிடைத்தால் அதையும். ஒட்டுவதற்கு என்ன காரணம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா