நீலத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

அன்புள்ள மாப்பிள்ளை துரைசாமிக்கு,

எட்டு மாதமாக உன் கடிதம் மேசைமேல் கிடக்கிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம். முழங்காலால் யாரும் எழுதுவதில்லை என்பாய். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தை மாதம் முடிவாகியிருக்கிறது, பத்திரிகை வரும். தேங்காய் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

இப்போது எழுத வைத்தது ஒரு கூட்டம். அதில் எழுந்து நின்று பேசிவிட்டேன். ஆமாம், 'அவையோரே' என்று சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கி வந்த அதே நான்தான்.

நம் கோவையில் நொய்யல் கரையில் நடைபாதையும் பூங்காவும் போடுவது பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஒரு தம்பி திரையில் படம் காட்டினார். புல்தரை, பெஞ்சு, பலூன் பிடித்த குழந்தை. பக்கத்தில் ஆறு, பளிச்சென்ற நீலத்தில். "இந்தத் தண்ணீர் எங்கிருந்துங்க வரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவரே வந்து, "அதை வேற துறை பார்க்கணுங்கய்யா" என்றார். நல்ல பையன், சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகனிடம் போயிருந்தபோது சபர்மதிக் கரையில் நின்று படம் அனுப்பினாயே, 'அகமதாபாத்தில் முடிகிறது, நம் ஊரில் ஏன் முடியாது?' என்று! இரு பக்கமும் 11 கிலோமீட்டர் அளவுக்குக் கரை கட்டியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ததும்புவது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். வாஸ்னா தடுப்பணை அதைத் தேக்கி வைக்கிறது. நாம் நர்மதைக்கு எங்கே போவது? குடிக்க வைத்திருக்கிற சிறுவாணியைத் திறந்துவிடச் சொல்கிறாயா?

நொய்யல், மேற்கு மலையில் மழை விழுந்தால் வருகிற ஆறு. அது தெரிந்துதான் சித்திரைச்சாவடி முதலாக அணைக்கட்டுகள் கட்டி, வந்த வெள்ளத்தை வாய்க்கால் வழியே குளம் குளமாக நிரப்பிக்கொண்டார்கள். மழை நின்ற பிறகு நகரத்துக்குள் ஓடுவது நாம் கழுவி ஊற்றியதுதான். எங்கள் குடியிருப்புக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று போன மாதம் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். சாக்கடை, ஓர் ஓடை, அப்புறம் ஆறு. சேருமிடத்தில் வெள்ளை நுரை சுழன்றுகொண்டிருந்தது. என் சோப்பும் அதில் இருக்கும். இதே நொய்யலில் 1992-இல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தொட்டி ஆனது, 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது என்று உனக்கு எத்தனை முறை விரிவுரை நடத்தியிருக்கிறேன்! அடுத்த ஊரைத் திட்டுவது எவ்வளவு வசதியாக இருந்தது.

கரையே வேண்டாம் என்கிறேன் என்று எண்ணாதே. உக்கடம் பெரியகுளத்தில் நடைபாதை வந்த பிறகு உன் தங்கச்சி தினமும் தனியாக நடக்கப் போகிறாள், கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக. என்னைக் கூப்பிடுவதுகூட இல்லை. ஒருநாள் நானே ஒட்டிக்கொண்டேன். தண்ணீரில் நட்ட கம்பத்தின்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. காற்று திரும்பியதும் நடந்துகொண்டிருந்த அத்தனை பெண்களும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள், பேச்சை நிறுத்தாமல்.

பங்குனி அமாவாசையன்று அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பேரூர் படித்துறைக்குப் போனேன். உன் செருப்பு போன அதே படி. கீழே மணலும் பாலிதீன் பைகளும். பிளாஸ்டிக் குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டேன், ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி. அப்பா இருந்திருந்தால் என்னை அங்கேயே திட்டியிருப்பார்.

கருத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கழிவுக் குழாய்களை மறியுங்கள், பெஞ்சு அப்புறம் போடலாம் என்று ஒரு வரி எழுதினேன். சுவர் வேண்டாம், தண்ணீர்வரை இறங்கப் படி வேண்டும் என்று இன்னொரு வரி. அதற்குமேல் ஓடவில்லை. நீ மறுபடி அகமதாபாத் போனால் படம் எடுக்காதே. கடைசிப் படிவரை இறங்க விடுகிறார்களா, கையை நனைக்க முடிகிறதா என்று பார்த்து எழுது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்.

உன்
பழனிச்சாமி