சர்க்கரை நோய்த் துண்டறிக்கை அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு முறையும் இன்சுலின் ஊசி போடும் முறையும் சொல்லித்தருவது எங்கள் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நோயாளி கையில் தரும் காகிதம் மட்டும் இன்னும் வேறு யாரோ வீட்டுக்கு எழுதியதுபோல இருக்கிறது. ப்ரோக்கோலி, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் படங்களை எடுத்துவிட்டு முருங்கைக்கீரை, சுண்டல், கொள்ளு, மத்தி மீன் போடுங்கள்.

அளவை கிராமில் சொன்னால் யாரும் எடை போட்டுச் சாப்பிடப் போவதில்லை. தட்டை வரைந்து, பாதியில் பொரியலும் கீரையும், கால் பாகத்தில் சோறு, மீதிக் கால் பாகத்தில் பருப்போ முட்டையோ மீனோ என்று காட்டுங்கள். 'கேழ்வரகு நல்லது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அதில் நார்ச்சத்து கூடுதல்தான். மாவுச்சத்து அரிசியைவிடப் பெரிதாகக் குறைவில்லை. குழையக் காய்ச்சிய கஞ்சியும் கூழும் சட்டென்று செரித்து சுகரை ஏற்றும். அதைச் சொல்லாவிட்டால் ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டு 'நான் சோறே தொடலியேம்மா' என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

இன்னொரு பெரிய ஓட்டை தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது. முன்பக்கத்தில் சீனிக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. பின்பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'மயக்கம் வந்தால் சீனி சாப்பிடவும்'. படம் மட்டும் பார்ப்பவர் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும்போதும் சீனியைத் தொடப் பயப்படுவார். இதற்கென்று தனி அட்டை வேண்டும்: படபடப்பு, நடுக்கம், வியர்வை, கண் இருட்டு வந்தால் 3 தேக்கரண்டி சீனி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு, தெளிந்ததும் சாப்பாடு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும், அது இந்த நேரத்துக்கு ஆகாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் நூறு நாள் வேலைக்கு ஓடுபவருக்கு இந்த அட்டை அவசியம். சஷ்டி விரதம், ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்: 'விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.' விரதமே கூடாது என்று எழுதினால் மறைத்துவிட்டு இருப்பார்கள்.

ஊசிப் பக்கத்தில் பிழை வந்தால் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனை இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மெடிக்கலில் ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான், சுகர் இறங்கவே இறங்காது. மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். ஆகவே குப்பியையும் மூடியையும் நிஜ அளவில், நிஜ வண்ணத்தில், பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பு கோட்டில் நிற்க வேண்டும் என்று ஊசி முனைப் பக்கத்து விளிம்புக்கு அம்புக்குறி போடுங்கள். 'ஃபிரிட்ஜில் வைக்கவும்' என்றால் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஒரு மண்பானைக்குள் இன்னொன்று, இடையில் ஈர மணல், உள்ளே தண்ணீர் புகாத டப்பாவில் குப்பி, நிழலில். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுத் தட்டில் போதும். ஃப்ரீசரில் உறைந்த மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

கண் மங்கியவர்கள் படிப்பது. எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது, பளபளக்கும் தாளும் வேண்டாம். பாதப் புண்ணைக் காட்டும்போது காலை மட்டும் துண்டாக வரையாமல் முழு ஆளையும் வரையுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் சாதாரணத் தாளில் நகல் எடுத்து, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருக்கட்டும். 'புரிஞ்சுதா?' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். காலி சிரிஞ்சையும் தண்ணீரையும் கொடுத்து '12 யூனிட் இழுத்துக் காட்டுங்கம்மா' என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அந்தப் படத்தை மாற்றிவிட்டு, வேறு பத்துப் பேரிடம் காட்டுங்கள். வரைவை அனுப்பினால் இந்தச் சோதனையை எங்கள் பகுதியில் நாங்களே செய்துதருகிறோம்.

இப்படிக்கு,
நீரிழிவுப் பயிற்சிச் செவிலியர்கள், உணவியல் ஆலோசகர்கள்