கெல்லியைப் பற்றி என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கல்லூரியின் துடுப்புப் படகு அணியில் சேர்ந்ததிலிருந்து வயலினைத் தொடவே நேரம் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தாய். படித்தவுடன் ஃபிரெடெரிக் செப்டிமஸ் கெல்லிதான் என் நினைவுக்கு வந்தார்.

1881-இல் சிட்னியில் பிறந்து, இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியிலும் படித்து, பிறகு ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போய் பியானோவும் இசையமைப்பும் முறையாகக் கற்றவர் அவர். ஹென்லி படகுப் போட்டியில், ஒருவரே வலிக்கும் படகுக்கான டயமண்ட் ஸ்கல்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்றார். அதில் 1905-இல் அவர் எடுத்த 8 நிமிடம் 10 வினாடி என்ற நேரத்தை 1938 வரை எவராலும் குறைக்க முடியவில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் வலிக்கும் படகில், பெல்ஜியத்தின் கெண்ட் நகர அணியைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். அதன் பின் போட்டிகளை விட்டுவிட்டு இசைக்கே திரும்பி, 1911-இல் சிட்னியில் கச்சேரிகள் செய்தார்.

முதல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டனின் ராயல் கடற்படைப் பிரிவின் ஹுட் பட்டாலியனில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நண்பரான கவிஞர் ரூபர்ட் புரூக், துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையில் கால் வைக்கும் முன்பே இரத்தத்தில் நச்சேறி 1915 ஏப்ரல் 23 அன்று இறந்துபோனார். அன்றிரவே கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவின் ஒலிவத் தோப்பில் அவரை அடக்கம் செய்தவர்களில் கெல்லியும் ஒருவர். போர்முனையில் காயம்பட்டு அலெக்சாந்திரியாவில் சிகிச்சையில் இருந்தபோது, நண்பருக்கான இரங்கல் இசையைத் தந்திக் கருவிகளுக்கும் யாழுக்குமாக எழுதி முடித்தார். கல்லறையின் மேல் சாய்ந்திருந்த ஒலிவ மரத்தின் சலசலப்பையும் அதில் கேட்கும்படி செய்திருக்கிறார். குண்டுச் சத்தத்துக்கு நடுவே அந்த இலைகளின் ஓசையை அவர் மனத்தில் காத்து வைத்திருந்தார் என்பதே, பதக்கத்தைவிட என்னை அதிகம் நெகிழ வைக்கிறது.

மீண்டும் கலிப்பொலி சென்று, இரண்டு முறை காயம்பட்டுத் தப்பிய அவர், 1916 நவம்பர் 13 அன்று பிரான்சில் நடந்த சோம் போரில், போக்கூர் கிராமத்தருகே ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கி நிலையைத் தாக்கச் சென்றபோது கொல்லப்பட்டார். ஒலிம்பிக்கில் அவர்களுடைய படகுக்குச் சுக்கான் பிடித்த கில்கிறிஸ்ட் மக்லாகன் 1915-லேயே போரில் மாண்டிருந்தார். இதை வீரமரணம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, அம்மா. கெல்லிக்கு அப்போது வயது 35; எழுத வேண்டிய இசை இன்னும் எவ்வளவோ மிச்சமிருந்தது.

அந்த இரங்கல் இசையின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. பயிற்சி இல்லாத ஒரு மாலையில் முழுவதும் கேட்டுவிட்டு, உன் வயலினில் அதன் தொடக்கப் பகுதியை வாசித்துப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா