தாடிக்கு ஒட்டகம் எழுதுவது

அன்புள்ள தாடிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்பதை இரண்டாவது கடிதத்தின் முதல் வரியிலேயே நீ குத்திக் காட்டிவிட்டதால், தபால் தாமதம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. இங்கே எல்லோரும் நலம். என் முதுகுவலியும் நலமாகவே இருக்கிறது. வாத்தியார் சென்ற வாரம் பேசினார்; கடலில் மூழ்கும்போது உன் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுவதற்கு நீ இதுவரை சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, மீசையைத்தான் இன்னமும் குற்றம் சொல்கிறார்.

பதில் எழுதாததற்கு வேலைப்பளு காரணமில்லை, வெட்கம்தான் காரணம். முதல்முறையாகச் சொந்த ஸ்கூபா சாமான்களோடு விமானம் ஏறப் போவதாகவும், எதை எந்தப் பையில் வைப்பது என்று சொல்லும்படியும் நீ கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி வந்து சேர்ந்த அதே வாரத்தில்தான், 20 ஆண்டுகளாக உங்கள் அனைவருக்கும் மூட்டை கட்டக் கற்றுக்கொடுத்து வந்த ஒட்டகமாகிய நான், ஒரு விமானத்தையே கொளுத்தியிருக்கக்கூடிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். சிரிக்காதே, மிகைப்படுத்தவில்லை. நம் நண்பன் ‘கணக்கிடம்’ மட்டும் சொன்னேன். அவன் வழக்கம்போல் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு, நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

நடந்தது இதுதான். விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பைக்கு அந்த நிறுவனம் 7 கிலோதான் அனுமதித்திருந்தது. என் பை 9 கிலோவைத் தாண்டியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட, நான் தரையில் உட்கார்ந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் சரக்கறைக்குப் போகும் பெரிய பைக்கு மாற்றினேன். அகப்பட்டவற்றில் ஒன்று, வீடியோ எடுக்கும்போது நான் பயன்படுத்தும் பெரிய டார்ச். பேட்டரி அதற்குள்ளேயே இருந்தது. கழற்றி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், உனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனாலும் அந்த இரண்டு நிமிட அவசரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

போய்ச் சேர்ந்ததும் அறையில் பையைத் திறந்தபோது கருகிய ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. மூழ்கும்போது உடுத்தும் ரப்பர் நுரை உடையான வெட்சூட்டின் முழங்காலில், டார்ச்சின் முகப்பு எவ்வளவு பெரியதோ அதே அளவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் உருகி மினுமினுத்தது. பக்கத்தில் இருந்த, நீந்தக் காலில் மாட்டும் ஃபின் ஒன்றின் விளிம்பு, டார்ச்சின் பொத்தானைச் சரியாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டார்ச் அணைந்திருந்தது. சூட்டைக் கண்டு தானே அணைந்ததா, பேட்டரி தீர்ந்து அணைந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தண்ணீருக்கடியில் எரிவதற்கென்று செய்யப்பட்ட டார்ச்சைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிரவைக்கிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை. அதைக் காற்றில், அதுவும் சூட்டை வெளியே விடாத ரப்பர் நுரைக்கு நடுவே எரியவிட்டால் அந்தச் சூடு எங்கே போகும்? அதற்கு மிக அருகில் இருப்பது அதன் சொந்த பேட்டரிதான். லித்தியம் பேட்டரி ஓர் எல்லைக்கு மேல் சூடாகிவிட்டால், பிறகு தன் வேதிவினையாலேயே மேலும் மேலும் சூடேறித் தீப்பிடிக்கிறது. பயணிகள் உட்காரும் இடத்தில் அப்படி நேர்ந்தால், பணியாளர்கள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். சரக்கறையில் பார்ப்பதற்கு ஆளில்லை; அங்கே பாய்ச்சப்படும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கினாலும், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சூடு தாவுவதை நிறுத்துவதில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று, துபாயிலிருந்து கிளம்பிய சரக்கு விமானம் ஒன்று நடுவானில் தீப்பற்றி விழுந்தது. அதன் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் ஏராளமாக இருந்தன. விமானிகள் அறைக்குள் புகை நிறைந்து, எதிரே இருந்த கருவிகளையே பார்க்க முடியாத நிலையில் இருவரும் உயிரிழந்தார்கள். இது எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்திதான். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் அது உறைத்தது.

ஆகவே, மற்றதையெல்லாம் நீ மறந்தாலும் பரவாயில்லை, பேட்டரி விஷயத்தை மட்டும் மறக்காதே. தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி எதுவும் சரக்கறைப் பைக்குள் போகவே கூடாது; கையோடுதான் வர வேண்டும். அதன் வோல்ட் எண்ணையும் ஆம்பியர்-மணி எண்ணையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணி எடுத்துப் போகவே முடியாது. என்னுடையது 14.4 வோல்ட், 5 ஆம்பியர்-மணி, அதாவது 72 வாட்-மணி. எண்ணைப் பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றின் முனைகளிலும் டேப் ஒட்டு, அல்லது தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடு. சாவிக்கொத்தோடு உறவாட விடாதே. சக்தி வாய்ந்த டைவிங் டார்ச்சுகளைச் சூடு உண்டாக்கும் பொருளாகவே விமான விதிகள் தனியாகக் குறிப்பிடுகின்றன. பேட்டரியைப் பிரித்து வைத்திருக்க வேண்டும் என்பதோடு, நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதலும் வாங்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. திரும்பி வரும்போது, விமானத்தின் வாசலிலேயே, மேலே இடமில்லை என்று சொல்லி என் கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு முறை சூடு பட்டவனாகையால், கொடுப்பதற்கு முன் பேட்டரிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீ அவற்றையெல்லாம் ஒரே சிறு பையில் போட்டு, கைப்பையின் மேலாக வைத்துக்கொள். இழுத்தால் வந்துவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று எழுத ஆரம்பிக்கிறேன், முடிகிறதா பார்க்கலாம்.

சொந்த சிலிண்டரையே கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். உன்னை மாதிரி ஆளால்தான் இப்படிக் கேட்க முடியும். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோ இருக்கும். அதைக் காற்றோடு ஏற்றவே முடியாது. காலி என்று நீ சொன்னால் போதாது, வால்வைக் கழற்றி உட்புறம் கண்ணுக்குத் தெரியும்படி திறந்து வைக்கச் சொல்வார்கள். போன இடத்தில் மறுபடி வால்வைப் பூட்டி, சோதித்து, நிரப்ப வேண்டும். மூழ்குவதற்கு எடையாகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டியைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் உன்னை அறிந்தவன் என்பதால் சொல்கிறேன்: வேண்டாம். இரண்டும் அங்கேயே கிடைக்கும். கேட்டுக்கொள்ள வேண்டியது, அவர்களுடைய சிலிண்டர் வால்வு, மூச்சுக்கருவியான ரெகுலேட்டரைத் திருகி மாட்டும் டின் வகையா, கவ்வி மாட்டும் யோக் வகையா என்பதுதான். உன் ரெகுலேட்டர் டின் என்றால், யோக் அடாப்டரைப் போட்டுக்கொள்ளாமல் கிளம்பாதே.

ரெகுலேட்டர், மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் கையோடு வர வேண்டும். பெரிய பை காணாமல் போனால் வெட்சூட்டையும் ஃபின்களையும் வாடகைக்கு எடுத்துச் சமாளித்துவிடலாம். உன் மூச்சு தொங்கிக்கொண்டிருக்கும் பொருளையும், உன் கண்பார்வைக்கென்று பவர் கண்ணாடி போட்ட மாஸ்க்கையும் யாரிடம் வாங்குவாய்? ரெகுலேட்டரின் ஹோஸ்களை இறுக்கிச் சுருட்டாமல் பெரிய வளையமாக விட்டு, நடுவில் சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலையைத் துணியில் சுற்றி வை. எக்ஸ்ரே பார்ப்பவர்களுக்கு அது ஏதோ எட்டுக்கால் பூச்சியைப் போலத்தான் தெரியும், எப்படியும் திறக்கச் சொல்வார்கள். மேலாக வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும். விளக்கம் கேட்டால் விளக்கு; வாயில் வைத்து நடித்துக் காட்டாதே, ஒருமுறை நீ செய்ததே போதும்.

கத்தி, கத்தரி, ஸ்பேனர், எல்லாம் பெரிய பைக்கு. ஃபின்களைப் பையின் இருபுறமும் சுவர் மாதிரி நிறுத்தி, அவற்றின் கால் பகுதிக்குள் பூட்ஸையும் காலுறைகளையும் திணித்துவிட்டால் இடமும் மிச்சம், வடிவமும் கெடாது. மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று நிரப்பும் சட்டையான பிசிடியின் உள்ளே தேங்கிய தண்ணீரைத் தலைகீழாகப் பிடித்து முழுவதும் வடித்துவிடு. வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே அரை லிட்டர் நின்றிருக்கும், அந்த அரைக் கிலோவுக்கும் தராசில் பதில் சொல்ல வேண்டும். காற்றையும் வெளியேற்றிவிடு. வெட்சூட்டை மடிக்காமல் உருட்டி வை, மடித்த இடத்தில் அதன் ரப்பர் நுரையான நியோப்ரீன் நிரந்தரமாக நசுங்கிவிடும். நிறமில்லாத சிலிக்கான் மாஸ்க்கைக் கறுப்பு ரப்பரோடு ஒட்டி வைத்தால் கறை ஏறும், அது போகவே போகாது. மாஸ்க் ஸ்டிராப், ஃபின் ஸ்டிராப், மௌத்பீஸ் ஆகியவற்றில் ஒவ்வொன்று கூடுதலாகவும், ஒரு பிடி ஓ-ரிங்குகளும் எடுத்துக்கொள்; எடையே இல்லாத அந்த ரப்பர் வளையம் ஒன்று இல்லாததால் படகில் உட்கார்ந்தபடியே ஒரு முழு நாளைக் கழித்தவனை நீயும் அறிவாய்.

உன் புதுக் கேமரா உறையைப் பற்றி வாத்தியார் சொன்னார். விமானத்தில் ஏற்றுமுன் அதன் பெரிய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு மூடு. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஈடாகக் குறையலாம், அதாவது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தரையில் இறுக்கி மூடிய உறைக்குள் மட்டும் முழு அழுத்தம் அடைபட்டிருக்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி முகப்பை அது ஏறக்குறைய 20 கிலோ விசையோடு வெளிப்பக்கம் தள்ளும் என்று கணக்கு கணக்கிட்டுச் சொன்னான். அந்த உறையோ, தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதைவிட வேடிக்கை, பறக்கும்போது திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுவது. இறங்கிய பிறகு அது திறக்கவே மறுக்கும்.

இனி, உன் இரண்டாவது கடிதத்தில் இருந்த பயணத்திட்டம். இதைச் சண்டையாக எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. நான்கு நாள் தொடர்ந்து மூழ்கிவிட்டு, ஐந்தாம் நாள் காலை 11 மணிக்குக் கடைசி முறை மேலே வந்து, அன்று இரவு 9 மணிக்கு விமானம் என்று எழுதியிருக்கிறாய். பத்து மணி நேரம். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், கேமரா உறைக்கு நான் சொன்ன அதே முக்கால் பங்கு அழுத்தத்தில், உன் மூட்டுகளிலும் இரத்தத்திலும் குமிழ்களாக வெளிவரலாம். மூழ்குவோரின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002-இல் கூட்டிய பட்டறையிலிருந்து வந்த வழிகாட்டுதல், டிகம்ப்ரஷன், அதாவது நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலே வரும் வழியில் நின்று நின்று வருவது, தேவைப்படாத ஒரே ஒரு மூழ்கலுக்குக் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் பலமுறை மூழ்கியவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறது. டிகம்ப்ரஷன் நிறுத்தங்கள் செய்தவர்களுக்கு 18-ஐவிடக் கணிசமாகக் கூடுதல். நான் 24 மணி நேரத்துக்குக் குறைந்து ஏறுவதில்லை. உன் கம்ப்யூட்டரே பறக்கக்கூடாத நேரத்தைக் காட்டும், ஆனால் பயணச்சீட்டு அதைப் பார்த்துத் தானாக மாறிக்கொள்ளாது. மாற்று, தாடி. இந்த ஒன்றில் கேலி இல்லை.

மாற்றினால் உனக்கு ஒரு பகல் முழுவதும் மிஞ்சும், அதில் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடலாம். ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்துப் போட்டுவிட்டு அலசு, அலசும்போது, காற்றைப் பீறிட்டு வரவைக்கும் பர்ஜ் பொத்தானை அழுத்தாதே. போகும்போது 12 கிலோ இருந்த என் பை, ஒருமுறை ஈரத்தோடு கட்டியதால் 15 கிலோவுக்கு மேல் போய்விட்டது. வீட்டில் திறந்தபோது எழுந்த நாற்றத்தைப் பற்றி என் மனைவி இன்னமும் பேசுகிறாள், உன் பெயரையும் சேர்த்து.

கையில் பிடித்துத் தொங்கவிடும் தராசு என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றை அடுத்த வாரம் அனுப்புகிறேன். பைகளை நிறுத்துப் பார்த்து இரண்டின் எடையையும் எழுது. உன் டார்ச் பேட்டரியின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களையும் அப்படியே பார்த்து எழுது. பெருக்க வேண்டாம், நீ பெருக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அன்புடன்,
ஒட்டகம்

பின்குறிப்பு: முழங்காலில் ஓட்டை விழுந்த வெட்சூட்டை எறியவில்லை. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டேன். வாத்தியாரிடம் பவளப்பாறையில் கிழிந்தது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.